மேசன் தேனீ கிட்: பெட்டியைப் பார்க்காதீர்கள், குழாயைப் பாருங்கள்

வாஷிங்டன், ஓரிகன், பிரிட்டிஷ் கொலம்பியா பகுதிகளில் குளிர் குறையத் தொடங்கியதும் தோட்டக் கடைகளில் மேசன் தேனீ (மண்ணால் கூடு கட்டி, பழமரப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் தனித்தேனீ) கிட்டுகள் வந்து இறங்கிவிடும். ஒரு மரப்பெட்டி, உள்ளே அடுக்கிய குழாய்கள், இருபது கக்கூன் (தேனீ உறங்கும் பட்டுக்கூடு), சிலவற்றில் ஒரு பொட்டலம் களிமண். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆப்பிள், செர்ரி, பிளம் மரம் வைத்திருப்பவர்களுக்கு இது காசுக்கு மதிப்புள்ள பொருள். ஆனால் கண்ணுக்கு அழகாக இருக்கும் கிட்டுகளில்தான் தேனீக்கு ஆகாத சங்கதிகள் அதிகம்.

இந்த நீலக் கறுப்புத் தேனீக்கு (ஓஸ்மியா லிக்னேரியா) ராணி கிடையாது, தேனும் தராது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு, மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, அதற்கு ஒரு மண் சுவர் என்று அறை அறையாகக் கட்டிக்கொண்டு வரும். மகரந்தத்தை வயிற்றடி மயிரில் உலர்வாகவே சுமப்பதால் போகிற பூவிலெல்லாம் உதிர்த்துவிட்டுப் போகிறது. ஆப்பிள் தோப்பில் ஏக்கருக்கு 250 பெண் தேனீ போதும் என்று கணக்குப் போடுவது அதனால்தான். காவல் காக்கக் கூட்டம் இல்லாததால் கொட்டுவது அபூர்வம். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்கலாம்.

கிட்டின் உயிர்நாடி குழாய். உள்விட்டம் 8 மி.மீ., நீளம் 6 அங்குலம், பின்பக்கம் அடைப்பு. இந்த மூன்றும் சரியாக இருக்க வேண்டும். தாய்த்தேனீ பெண் முட்டைகளை உள்ளேயும் ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். 3, 4 அங்குலக் குழாய் கொடுத்தால் ஆண்கள்தான் பெருகும்; அடுத்த ஆண்டு கூடு கட்ட ஆள் இருக்காது. நீளத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு: குழாயைத் திறக்க முடிய வேண்டும். மலிவான கிட்டுகளில் வரும் மூங்கிலைக் கத்தி வைத்துப் பிளந்தால் உள்ளே இருக்கும் கக்கூனும் நசுங்கும். துளை போட்ட மரக்கட்டையைத் திறக்கவே முடியாது. திறந்து சுத்தம் செய்யாத குழாயில் மகரந்தப் பேன் வருடா வருடம் பெருகி, புழுவுக்கு வைத்த உணவைத் தின்று தீர்த்துவிடும். மூன்றாம் ஆண்டில் பெட்டி காலியாகக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிளாஸ்டிக் குழாய் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், அதுவும் வேண்டாம்.

எங்கள் தேர்வு இயற்கை நாணல் குழாய். விரலால் அழுத்தினாலே பிளந்துவிடும், தேனீக்களும் விரும்பிப் போகும். அடுத்தது பிரித்தெடுக்கும் மரத்தட்டுகள். பல ஆண்டு உழைக்கும்; ஆனால் தட்டுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் பேனும் ஒட்டுண்ணிக் குளவியும் அறைக்கு அறை நுழையும், எனவே பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அட்டைக் குழாய் என்றால் உள்ளே காகிதச் சுருள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் காகித ஸ்ட்ராவைக் குளவி வெளியிலிருந்தே துளைத்து முட்டையிட்டுவிடும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூரை குழாய் நுனியைத் தாண்டி 2 அங்குலமாவது நீட்டியிருக்க வேண்டும். கயிற்றில் தொங்கவிடும் மாதிரி காற்றில் ஆடும், அதை எடுக்காதீர்கள். தென்கிழக்கு பார்த்த சுவரில், காலை வெயில் படும்படி, கண் உயரத்தில் ஆணியடித்து அசையாமல் நிறுத்துங்கள். தேனீ கூட்டிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குள்தான் மேயும் என்பதால் மரங்கள் அதற்குள் இருக்க வேண்டும். பொட்டலக் களிமண் உங்கள் மண் மணற்பாங்காக இருந்தால் மட்டும் தேவை. ஈர மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்கிறதா? அப்படியானால் அருகிலேயே ஒரு குழி தோண்டி அதன் ஓரத்தை ஈரமாக வைத்திருந்தால் போதும். மண் கிடைக்காத இடத்தில் தேனீ தங்காது.

கக்கூன் உங்கள் வட்டாரத்திலேயே வளர்த்ததாக இருக்கட்டும். ராக்கி மலைக்குக் கிழக்கே இருப்பது வேறு துணையினம். ஊரில் மாமரத்துக்கு உதவும் என்று தமிழ்நாட்டுக்கு எடுத்துப் போக யாரும் நினைக்க வேண்டாம். அது அந்த மண்ணின் தேனீ அல்ல. பகல் வெப்பம் தொடர்ந்து 13 டிகிரி செல்சியஸை எட்டி, பூவும் மலர்ந்த பிறகே கக்கூனை வெளியே வையுங்கள். மே மாதம் வரை தள்ளினால் உடலில் சேர்த்த கொழுப்பு தீர்ந்து உள்ளேயே செத்துப்போகும்.

கிட்டோடு வரும் தாளில் பெரும்பாலும் இல்லாத வேலை இனிமேல்தான். ஜூனில் தேனீ நடமாட்டம் நின்றதும் நிரம்பிய குழாய்களை மெல்லிய வலைப்பையில் போட்டு, மண் மூடிய பக்கம் மேலே இருக்கும்படி ஷெட்டில் வையுங்கள். குலுக்கினால் இளம் புழு உணவை விட்டு விழுந்து பட்டினி கிடக்கும். அக்டோபரில் திறந்து, கக்கூன்களைக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். நல்லது மிதக்கும், பேனும் மண்ணும் கழன்று போகும். ஊசித்துளை உள்ளது குளவி புகுந்தது, எறியுங்கள். சுருள் சுருளான ஆரஞ்சு எச்சத்தோடு சின்ன வெள்ளைப் புழுக்கள் மொய்த்தால் அது தேனீப் புழுவின் உணவைத் திருடித் தின்னும் ஹூடினி ஈயின் புழு, அங்கேயே அழித்துவிடுங்கள். மிச்சத்தைக் காகிதத்தில் உலர்த்தி, துளையிட்ட டப்பாவில் ஈரத்துணியோடு ஃபிரிட்ஜில் 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள். ஈரத்துணி இல்லாவிட்டால் இன்றைய ஃபிரிட்ஜின் வறட்சியே தேனீயைக் கொன்றுவிடும்.

தக்காளி, பூசணிக்காக மட்டும் இந்தக் கிட்டை வாங்காதீர்கள். அவை பூக்கும் கோடையில் இந்தத் தேனீயின் காலம் முடிந்திருக்கும். பூசணி, வெள்ளரிக்கு 6 மி.மீ. குழாயும் இலைவெட்டித் தேனீயும் தனியாகக் கிடைக்கின்றன. அதே பெட்டியில் ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.