குவிந்துபோன மினியேச்சர்கள்: ஃபோம் தட்டா, காந்தப் பெட்டியா?

மேசையில் படை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு மினியேச்சர்கள் (பெயிண்ட் அடித்த சிறு உருவங்கள்) அலமாரியைத் தாண்டிப் பெருகிவிட்டால், எதில் அடுக்குவது என்ற குழப்பம் தானாக வரும். வழி இரண்டு: உருவங்களைக் குழிகளில் பொதிந்து வைக்கும் ஃபோம் (மெத்தென்ற பஞ்சு) தட்டு, அல்லது உருவம் நிற்கும் பீடத்தின் அடியில் காந்தம் ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிறுத்துவது.

செலவு
ஃபோம்: படை வளர வளரத் தட்டுகளும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.
காந்தம்: பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒட்ட மெல்லிய இரும்புத் தகடு, நியோடிமியம் காந்தங்கள் (சிறிதானாலும் வலுவானவை), சூப்பர் க்ளூ. எண்ணிக்கை கூடினால் பெரும்பாலும் இதுவே மலிவு. தகட்டைக் காந்தம் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பலவற்றிலும் ஒட்டாது.

பெயிண்ட்
ஃபோம்: எடுக்கும்போதும் வைக்கும்போதும் உரசும். வாள் நுனியும் தோள் விளிம்பும்தான் முதலில் தேயும். மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் ஓரளவு தாங்கும். மெல்லிய ஈட்டிகளுக்கு அதுவும் போதாது, ஒடிந்துவிடும்.
காந்தம்: பீடம் மட்டும்தான் தகட்டைத் தொடும், பெயிண்ட் பிழைக்கும். இதில் எல்லாமே ஒட்டும் விதத்தில் இருக்கிறது. காந்தம் பீடத்தின் அடி விளிம்போடு சமமாக நிற்க வேண்டும், ஒரு மி.மீ. உள்ளே போனாலே பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். ஒன்று கழன்றால் பக்கத்தில் நிற்பதையும் இடித்துச் சாய்க்கும்.

உழைப்பு
ஃபோம்: வாங்கிய அன்றே வைக்கலாம்.
காந்தம்: ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும்.

பெயிண்ட் முடிந்து அடிக்கடி மேசைக்குப் போகும் படைக்குக் காந்தம்தான் என் தேர்வு. கனமான உலோக உருவங்களுக்கும், பெயிண்டுக்காகக் காத்திருப்பவற்றுக்கும் ஃபோம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் ஃபோமே சரி: கழன்ற காந்தங்கள் இரண்டை விழுங்கிவிட்டால் குடலே ஓட்டையாகலாம்.