புதுக்கோட்டை – காரைக்குடி சாலையில் ஒரு நாள்: ஆத்தங்குடிப் பட்டறைக்கே முதலிடம்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு நேராகப் போனால் 40 கிலோமீட்டர் சொச்சம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று வளைந்து போனால் 60 பக்கம் வரும். தூரம் குறைவுதான் என்று அரை நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முழு நாள் வேண்டும்.

காலையில் முதல் நிறுத்தம் நமணசமுத்திரம் அய்யனார் கோயில். வழி நெடுக வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகள் நேர்த்திக்கடனாக வைத்தவை. தொடாமல் பாருங்கள், காது நுனி தட்டினாலே உடையும். அடுத்து திருமயம் கோட்டை. பாறை சூடேறுவதற்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது.

அங்கிருந்து நேரே ஆத்தங்குடி, தரையில் பதிக்கும் பூக்கல்லைக் கையால் வார்க்கும் பட்டறைகள் இருக்கும் ஊர். வழியிலேயே கானாடுகாத்தானின் பெரிய செட்டிநாட்டு வீடுகளில் இறங்கிவிட்டால், பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஊற்றும் வேலை ஓய்ந்திருக்கலாம். வார நாள் முற்பகல்தான் சரியான நேரம். இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. சிமெண்ட்டில் கரைத்த சாயத்தைக் கரண்டியால் ஒவ்வொரு கண்ணியிலும் ஊற்றி, அச்சை ஆடாமல் மேலே எடுப்பார்கள். கை நடுங்கினால் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஈரத்தை இழுக்க உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, அதன்மேல் ஈரக்கலவை வைத்துச் சமன் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள், வெயிலில் உலர்த்தல். சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. கண்ணாடி விலகும்போது தெரியும் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

வாங்கும் எண்ணம் இருந்தால் அறையின் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். 100 சதுர அடிக்கு 12 அங்குலக் கல் 100, 10 அங்குலம் என்றால் 144, 8 அங்குலம் என்றால் 225. மேலே பத்து சதவீதம் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். அடுத்த ஈட்டில் அதே சிவப்பு கிடைக்காது. 12 அங்குலக் கல் ஒன்றே 4 கிலோ அளவுக்கு இருக்கும், காரில் ஏற்றிவர முடியாது. லாரி வாடகை, உடைசல் யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். பதிக்க, பூக்கல் பதித்துப் பழகிய கொத்தனார்தான் வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்பரப்பே அரித்துப்போகும். எலுமிச்சை, புளி சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியும் அன்றாட நடமாட்டமும் போதும், வருஷம் ஏற ஏறப் பளபளப்பு கூடும்.

அதே ஊரில் பெரிய வீடு என்னும் லட்சுமி விலாஸைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இதே கல் பல தலைமுறைக் காலடி பட்டு எப்படி இருக்கிறது என்று அங்கே தெரியும்.

மதியத்துக்கு மேல் கானாடுகாத்தான். வீடுகள் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், தெருவில் நடந்தாலே போதும்.

சாயங்காலம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். மங்குச் சாமான், அதாவது எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம், எடுக்கும்போது உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் துருப் பிடிக்கும், சமையலுக்கு ஆகாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை இஷ்டத்துக்கு நாட்டை விட்டு எடுத்துப்போக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. பில்லில் பொருளின் காலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தப் பொருளை அங்கேயே வைத்துவிடுங்கள்.