ஃபிகர் ஸ்கேட்டிங்கும் பாலேயும்: கணுக்காலுக்கு மேலே சொந்தம், கீழே வேறு ஊர்

குளிர்கால ஒலிம்பிக் வந்துவிட்டால் காரைக்குடியில் எங்கள் வீட்டிலும் டிவி முன்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். "நமக்குப் பரதம் மாதிரி அவங்களுக்குப் பாலே. அதையே ஐஸ் மேல ஆடுறாங்க, அவ்வளவுதான்" என்று யாராவது விளக்கம் சொல்வார்கள். கையையும் கழுத்தையும் மட்டும் பார்த்தால் அது சரிதான். காலைப் பார்த்தால் சரிவராது. ஸ்கேட்டிங்கில் நம்மை அசத்துகிற எல்லாமே காலுக்கும் தரைக்கும் நடுவில் நடக்கிறது. அந்த இடத்தில் பாலேயின் சட்டம் செல்லாது.

சொந்தம் இருப்பது உண்மை. இரண்டில் பாலே மூத்தது. இத்தாலிய அரசவைகளில் பிறந்து பிரான்சுக்குப் போனது. 14-ஆம் லூயி மன்னர் 1661-இல் நடனத்துக்கென்றே ஓர் அரச கழகம் தொடங்கினார். ஸ்கேட்டிங்கோ வெகுகாலம் பனியில் வட்டமும் எட்டும் பிசகாமல் வரைந்து காட்டும் வித்தையாகவே இருந்தது. 1860-களில் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர், பாலே பயின்றவர், ஐரோப்பாவுக்குப் போய் இசைக்கு ஏற்றபடி பனியில் ஆடிக் காட்டினார். சொந்த நாட்டில் எடுபடாத அந்தப் பாணியை வியன்னா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இன்றைய ஸ்கேட்டிங் அவர் போட்ட பாதையில்தான் போகிறது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஜான் கரி சிறுவயதில் நடனம் கற்க ஆசைப்பட்டார். அப்பா விடவில்லை. ஸ்கேட்டிங் விளையாட்டுக் கணக்கில் வருவதால் அதற்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. 1976-இல் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அவருடைய ஆட்டத்தைப் பாருங்கள்: முதுகு நிற்கும் விதம், தோளில் கிளம்பி விரல் நுனி வரை ஓடும் கோடு, எல்லாம் பாலே. அப்புறம் சொந்தமாகக் குழு வைத்து நடத்தினார்; ட்வைலா தார்ப் போன்ற மேடை நடன அமைப்பாளர்கள் அவருக்காக நடனம் அமைத்தார்கள். இரண்டு கலையும் எவ்வளவு தூரம் கலக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, காலுக்கு வருவோம்.

பாலே ஆடுபவருக்குத் தரை பிடிமானம் கொடுக்க வேண்டும். வழுக்கினால் எலும்பு முறியும். அதனால்தான் பைன் மரப் பிசினைப் பொடித்த ரோசினில் காலணியைத் தேய்த்துக்கொண்டு மேடையேறும் வழக்கம் வந்தது. நுனிக்காலில் நிற்கப் போடுகிற பாயிண்ட் ஷூவின் முனை, துணியையும் தாளையும் பசை வைத்து அடுக்கி இறுக்கிய ஒரு கூடு. உடம்பின் பாரம் முழுக்க அந்தச் சின்னத் தட்டையில் இறங்கும். பெரிய வேடம் ஆடுபவர் ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவதும் உண்டு. உள்ளே கணுக்கால், பாத வளைவு, விரல்கள் எல்லாம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஸ்கேட்டருக்கு அந்தக் கணுக்காலையே பூட்டிவிடுகிறார்கள். விறைப்பான பூட்ஸ், அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில் எஃகு பிளேடு. பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு, இரு ஓரத்திலும் கூரான விளிம்பு. உள்விளிம்பா வெளிவிளிம்பா, முன்னால் போகிறாரா பின்னால் போகிறாரா என்று பார்த்தால் ஒரு காலுக்கு நான்கு, இரண்டு காலுக்கும் எட்டு. இந்த எட்டுதான் ஸ்கேட்டிங்கின் நெடுங்கணக்கு. லுட்ஸ், ஃபிளிப் என்ற இரண்டு தாவல்களும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பின்னோக்கிப் போகும்போது வெளிவிளிம்பில் கிளம்பினால் லுட்ஸ், உள்விளிம்பில் கிளம்பினால் ஃபிளிப். விளிம்பு மாறிப் போனால் மதிப்பெண் குறையும்.

எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைத் தரையில் சாக்ஸ் காலோடு ஓடிச் சறுக்காத பிள்ளை எங்கள் பக்கம் உண்டா? கால் நின்ற பிறகும் உடம்பு போய்க்கொண்டே இருக்குமே, அந்தப் போக்கு பாலேயில் கிடையாது. ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்க் நிலையைப் பாலேயில் எடுத்தால், அதன் அழகு நின்ற இடத்திலேயே இருக்கும். ஸ்கேட்டர் ஏறக்குறைய அதே வடிவத்தை ஸ்பைரல் என்ற பெயரில் எடுத்து, 60 மீட்டர் நீளத் தளத்தில் வளைந்து வளைந்து கொண்டுபோகிறார். உடம்பு அசையவில்லை, ஆனால் ஆள் பறக்கிறார். ஸ்கேட்டிங்கின் தனிச்சொத்து இதுதான் என்பேன். நாலு சுற்றுத் தாவல்கூட எனக்கு இதற்கு அடுத்த இடம்தான்.

சுழற்சியில் நிலைமை தலைகீழ். பாலேக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் தரையோடு மல்லுக்கட்ட வேண்டும். உராய்வு வேகத்தைத் தின்றுவிடும், அவர் காலை வீசித் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 'ஸ்வான் லேக்' மேடையில் பியெரினா லெக்னானி ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 ஃபுவெத்தே, அதாவது மறு காலை வீசி வீசிச் சுழலும் சுற்று, சுழன்றார். இன்றுவரை அந்த பாலேயின் நாயகி வேடத்துக்குப் பரீட்சை அதுதான். தலைச்சுற்றாமல் இருக்க ஒரு புள்ளியில் கண்ணை நாட்டி, உடம்பு திரும்பிய பிறகு தலையைச் சட்டென்று வெட்டித் திருப்புவார்கள். ஸ்கேட்டருக்கு அதற்கு நேரம் ஏது? பனியில் உராய்வு குறைவு. கையையும் காலையும் உடம்போடு சேர்த்தால் வேகம் தானாக ஏறும். சாதனைச் சுழற்சிகள் நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தைத் தாண்டியவை. பழக்கத்தில் மூளையே அந்தக் கிறுகிறுப்பைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. பார்க்க மலைப்பாக இருந்தாலும், சுழற்சியில் என் ஓட்டு பாலேக்குத்தான். ஒவ்வொரு சுற்றும் உழைத்து எடுத்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

தாவலில் ஒப்பிடவே முடியாது. பாலேயில் ஆண்கள் காற்றில் இரண்டு சுற்று சுற்றுவது வழக்கம், மூன்று அபூர்வம். ஸ்கேட்டிங்கில் அமெரிக்காவின் இலியா மாலினின் 2022-இல் லேக் பிளாசிட் போட்டியில், முன்னோக்கிப் போகும்போதே கிளம்பும் ஆக்ஸல் என்ற தாவலை நாலரைச் சுற்றோடு முதன்முதலாக முடித்துக் காட்டினார். காற்றில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. ஓடிவந்த வேகமும், மார்போடு இறுக்கிய கைகளும் சேர்ந்துதான் அது நடக்கிறது. பாலேயில் கையை அப்படிச் சுருட்டிக்கொண்டால் வடிவமே போய்விடும். விலையும் உண்டு. பாலேயில் விரல், பாதம், குதிகால் என்று படிப்படியாக இறங்கி, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் தரை தொட வேண்டும். ஸ்கேட்டர் ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்குகிறார். கணுக்கால் பூட்டியிருப்பதால் அடி முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது.

அப்புறம் மதிப்பெண். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவுத் தீர்ப்பு பெரிய சர்ச்சையாகி, நடுவர்கள் அதிகபட்சம் 6.0 வரை மதிப்பெண் போடும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி விலை போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். நியாயம் கூடியது, ஆனால் கலைக்கு அது கட்டுப்பாடு. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீராங்கனை அலினா ஸாகிடோவா 'டான் கிஹோட்டே' என்ற பாலேயின் இசைக்கு, பாலே உடையைப் போன்ற சிவப்பு ஆடையில் ஆடித் தங்கம் வென்றார். ஆட்டத்தின் பின்பாதியில் வரும் தாவல்களுக்கு அப்போது 10 சதவீதம் கூடுதல் மதிப்பெண் என்பதால், ஃப்ரீ ஸ்கேட் எனப்படும் நீண்ட ஆட்டத்தில் தாவல் அத்தனையையும் பின்பாதியிலேயே வைத்திருந்தார். அதன் பிறகு, ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவலுக்கு மட்டுமே கூடுதல் என்று விதியை மாற்றினார்கள். அதே இசைக்கு மேடையில் ஆடும் பாலேக்காரர், கதையில் எந்த இடத்தில் தாவ வேண்டுமோ அங்கே தாவுவார். அவரை யாரும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. கதை சொல்ல அவருக்கு ஒரு முழு மாலையே இருக்கிறது. ஸ்கேட்டருக்கு நான்கு நிமிடம்.

செட்டிநாட்டு வீடுகளின் பிள்ளைகள் சிகாகோ, டொரண்டோ என்று பரந்து கிடக்கிறார்கள். முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்பு வழிபாட்டுக்கு ஊருக்கு வரும்போது "பாப்பாவை எதில் சேர்க்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், முதலில் பாலே. பரதத்தில் அரைமண்டி பழகிய பிள்ளைக்கு, இடுப்பிலிருந்து முட்டி வெளிப்பக்கம் திரும்புவது புதிதல்ல. ருக்மிணி தேவி ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவால் ஈர்க்கப்பட்டு முதலில் பாலேதான் கற்றார்; நம் நடனத்தின் பக்கம் பார்க்கச் சொன்னதும் பாவ்லோவாதான். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்ததில் அந்தப் பாலேக்கும் பங்கு உண்டு. ஸ்கேட்டர்களும் முதுகையும் கையையும் சீர்செய்ய பாலே வகுப்புக்கே போகிறார்கள், எதிர்த்திசையில் அப்படி யாரும் போவதில்லை. பிள்ளை வேகத்துக்கு ஏங்குகிற ரகம் என்றால் மட்டும் தயங்காமல் பனித்தளத்துக்கு அனுப்புங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்குப் பனி கிடையாது. சக்கர ஸ்கேட்டில் ஆடும் ஆர்டிஸ்டிக் பிரிவில் ஆக்ஸல், சால்கோ, லுட்ஸ் தாவல்கள் எல்லாம் உண்டு, அதில் தொடங்கலாம். பாலே பழக ஆசைப்படுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். யூடியூபைப் பார்த்துவிட்டு வீட்டுச் சலவைக்கல்லிலோ ஆத்தங்குடிக் கல்லிலோ பாயிண்ட் ஷூ போட்டு நிற்காதீர்கள். பாலே கூடங்களில் மரச் சட்டத்தின் மேல் சற்றே தணிந்து கொடுக்கிற தரை போட்டிருப்பார்கள். நுனிக்காலில் ஏற்றுவதும் பெரும்பாலும் 11, 12 வயதுவாக்கில், பாதத்தின் வலுவை ஆசிரியர் பார்த்த பிறகுதான்.