பிளாங்க்டன் நெட் ரிவ்யூ: மரைன் பயாலஜி படிக்கிறவங்க மெஷ் சைஸ் பாத்து வாங்குங்க

கையால இழுக்கிற பிளாங்க்டன் நெட் (தண்ணியோட போக்குல மிதக்கிற சின்ன உயிர்கள பிடிக்கிற வலை), வாய் விட்டம் 30 செ.மீ, மெஷ், அதாவது வலையோட ஓட்டை, 200 மைக்ரான். டிகிரி முழுக்க இதத்தான் யூஸ் பண்ணேன், 5க்கு 4 தாராளமா குடுப்பேன்.

ரிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உப்புத்தண்ணில கிடந்தும் துரு பிடிக்கல. நைலான் மெஷ்ல தையல் தட்டையா இருக்கு, இத வாங்கும்போது கண்டிப்பா பாருங்க, ஏன்னா தையல் மடிப்புல கோப்பிபாட் (இறால் இனத்து குட்டி உயிர்) ஒட்டிக்கிச்சுன்னா எவ்வளவு அலசினாலும் இறங்காது, அப்புறம் அடுத்த இடத்துல எடுக்கிற சாம்பிள்ல போய் கலந்து கணக்கையே கெடுத்துரும். இழுத்து முடிச்சதும் கடல் தண்ணிய வெளிப்பக்கத்துலருந்து ஊத்தி அலசணும், எல்லாம் அடில இருக்கிற காட் எண்ட் டப்பாக்குள்ள வந்துரும்.

அந்த டப்பாவ ஒரு வெள்ளைத் தட்டுல கவுத்துப் பாருங்க, அதுக்கே இந்த நெட்ட வாங்கலாம்! கோப்பிபாட் எல்லாம் விட்டு விட்டு துள்ளும், நண்டோட லார்வா முதுகுல முள்ளோட சுத்தும், கண்ணாடி ஊசி மாதிரி ஆரோ வார்ம்ங்கிற புழு அசையாம கிடக்கும், மைக்ரோஸ்கோப்ல வச்சா அதோட வயித்துக்குள்ள முழுங்கின கோப்பிபாட் அப்படியே தெரியும். புக்ல ஃபுட் வெப் படத்துல ஜூபிளாங்க்டன் (விலங்கு வகை பிளாங்க்டன்)னு ஒரே ஒரு கட்டம் போட்டிருப்பாங்க, அந்த கட்டத்துக்குள்ளயே ஒண்ண ஒண்ணு தின்னுட்டு இருக்குன்னு எனக்கு மனசுல பதிஞ்சது அன்னிக்குத்தான்.

இப்ப குறை. காட் எண்ட் மரை உப்பு காஞ்சு இறுகிக்குது, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில கழுவியே ஆகணும். வலைக்குள்ள எவ்வளவு தண்ணி போச்சுன்னு அளக்கிற ஃப்ளோமீட்டர் இதோட வராது. வாய் பரப்பளவ இழுத்த தூரத்தால பெருக்கினா 50 மீட்டருக்கு சுமார் 3.5 கன மீட்டர் தண்ணின்னு வரும், ஆனா பாசி பெருகியிருக்கிற நேரத்துல மெஷ் அடைச்சு தண்ணி உள்ள போகாம முன்னாடியே வழிஞ்சிரும், அப்ப அந்த கணக்கு சுத்தமா தப்பு. ஜெல்லி வகைகள் பாதி கிழிஞ்சுதான் வரும்.

விக்கிறவங்க 'எல்லா பிளாங்க்டனுக்கும் ஏற்றது'ன்னு போட்டிருந்தாங்க, இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம். 200 மைக்ரான்ல பெரும்பாலான டயட்டம் (ஒரே செல் பாசி) அப்படியே வெளிய ஓடிரும், அதுக்கு 20 மைக்ரான் வேணும், அதுலயும் புரோக்ளோரோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா மாட்டாது, அது சுமார் 0.6 மைக்ரான்தான். 1889ல ஜெர்மன் விஞ்ஞானி விக்டர் ஹென்சன் அட்லாண்டிக்ல வலை போட்டு பிளாங்க்டன எண்ணினார், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு 1980கள்ல ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்கள ஒவ்வொண்ணா ஒளில காட்டி எண்ணுற கருவி) கப்பல்ல ஏறினப்புறம்தான் இந்த புரோக்ளோரோகாக்கஸ் இருக்கிறதே தெரிஞ்சது, இத்தனைக்கும் ஒளிச்சேர்க்கை பண்ற உயிர்கள்ல எண்ணிக்கைல உலகத்துலயே இதுதான் முதல். ஓட்டை எந்த சைஸோ அந்தக் கடல்தான் உங்களுக்குத் தெரியும், ரிப்போர்ட்ல மெஷ் சைஸ் எழுதாம விட்றாதீங்க.

ப்ராஜெக்ட் ஜூபிளாங்க்டன்னா இதையே வாங்குங்க, ஃப்ளோமீட்டர் மட்டும் டிபார்ட்மெண்ட்ல கேட்டு வாங்கிக்கோங்க. ஃபைட்டோபிளாங்க்டன (ஒளிச்சேர்க்கை பண்ற பிளாங்க்டன) எண்ணணும்னா நெட்டே வேணாம், பாட்டில்ல தண்ணி எடுத்து லூகால் அயோடின் (செல்கள கெடாம வைக்கிற கரைசல்) விட்டு அடில படிய வச்சு எண்ணுங்க, 20 மைக்ரான் நெட் என்னென்ன இனம் இருக்குன்னு பாக்க மட்டும் போதும்.