கடலோரத்தில் கணக்கராக: டேலியா, அரசுத் தேர்வா, சிஏடியா?

நம் நாட்டில் கணக்கெழுத உரிமம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஏஐபிபி என்ற அமைப்பு சான்று பெற்ற கணக்கர் பட்டம் தருவதற்குத் தேர்வோடு இரண்டு வருட வேலை அனுபவத்தையும் கேட்கிறது. அதுதான் முறை என்பேன். இங்கே சான்றிதழ் முதலில் வந்துவிடும். அனுபவத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் டேலி என்ற கணக்கு மென்பொருள்தான். ஆடிட்டர் ஆபீஸில் முதல் கேள்வியே 'டேலி தெரியுமா?' என்பதுதான். பணம் கட்டுவதற்கு முன், கொடுப்பது பயிற்சி மையத்தின் சான்றிதழா, டேலி நிறுவனமே நடத்தும் தேர்வின் சான்றிதழா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

டேலியின் குறை வேறு. ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகக் காட்டும் பேரேட்டில் அதுவே ஏற்றிவிடுவதால், எது எங்கே போகிறது என்று தெரியாமலே பாடத்தை முடித்துவிடலாம். நம் ஊர்க் கணக்கில் அது உடனே உதைக்கும். விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துத்தான் பங்கு பிரிப்பார்கள். ஆளுக்குக் கொடுத்த முன்பணத்தைச் சம்பளம் என்று போட்டுவிட்டால், திரும்ப வரவேண்டிய காசு செலவில் கரைந்துவிடும். பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஐஸுக்கு 5 சதவீதம் உண்டு. மீன் மட்டும் விற்கிற வியாபாரி அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது அடக்க விலையில் சேர வேண்டும். மீனோடு ஐஸும் விற்று ஜிஎஸ்டி பதிவும் வைத்திருப்பவர் என்றால் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, மீனுக்கு எவ்வளவு, ஐஸுக்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் டேலி சொல்லித் தராது, கணக்கு தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் பலரும் மறந்துவிட்ட அரசுத் தேர்வை நான் விடாமல் சொல்கிறேன். டைப்ரைட்டிங், சுருக்கெழுத்தோடு சேர்த்துத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணக்கியல் தேர்வு அது. இளநிலை, முதுநிலை என்று இரண்டு படி. அன்றாடக் கொடுக்கல் வாங்கலை எழுதும் நாளேடு, பேரேடு, பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு, எல்லாம் கையால்தான். இருப்பாய்வு சமனாகாமல் பிழையைத் தேடி உட்கார்ந்தவருக்குப் பற்றும் வரவும் மறக்காது. ஆனால் இதை மட்டும் காட்டினால் வேலை கிடைப்பது கஷ்டம்.

சிஏடி என்பது கணக்குத் தொழில்நுட்பருக்கான சான்றிதழ் படிப்பு; காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்துவது. ப்ளஸ் டூ போதும்; முடித்தால் சிஎம்ஏ என்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் இன்டர்மீடியட்டுக்கு நேராகப் போகலாம். கல்லூரிக்குப் போக முடியாத பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு. தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

என் தேர்வு: இளநிலைத் தேர்வையும் டேலியையும் ஒன்றாகப் படித்துவிட்டு, ஒரு வருடம் ஆடிட்டர் ஆபீஸில் உட்காருங்கள். இந்த வேலை பிடித்திருந்தால் பிறகு சிஏடி. ஆடிட்டர் ஆபீஸில் சேருவதற்கு ஏப்ரல் நல்ல மாதம். மார்ச் 31-இல் முடிந்த வருடக் கணக்கு அப்போதுதான் மேசைக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். உரிமையாளர்களும் பில் கட்டோடு உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.