திக்‌ஷாவா, வள மையமா, பள்ளிக்கே வரும் வழிகாட்டியா? கலப்புமுறை வகுப்புக்கு ஆசிரியரைத் தயார்செய்யும் மூன்று வழிகள்

ஹைடெக் லேபும் ஸ்மார்ட் போர்டும் பாடநூலில் க்யூஆர் குறியீடும் அரசுப் பள்ளிக்கு வந்தாயிற்று. நேரடி வகுப்பையும் இணையத்தையும் இணைத்துக் கலப்புமுறையில் பாடம் நடத்த ஆசிரியரைப் பழக்கும் வேலைதான் பாக்கி. தமிழ்நாட்டில் அதற்கு மூன்று வழிகளை யோசிக்கலாம். திக்‌ஷா எனும் அரசின் இணையப் பயிற்சித் தளத்தில் அவரவர் வசதிப்படி படித்து முடிப்பது ஒன்று. ஆசிரியர்களைக் கூட்டிப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் இரண்டு நாள் உட்கார்வது இரண்டாவது. ஒரு நாள் நேரில் கூடி, பிறகு ஆறு வாரம் தத்தம் வகுப்பிலேயே செய்துபார்க்க, ஒரு வழிகாட்டி கூடவே வருவது மூன்றாவது. நாங்கள் தேர்ந்தது மூன்றாவதை. சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை மனதில் வைத்தே படியுங்கள்.

முதல் வழியின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை: செலவு குறைவு, பள்ளியை விட்டு நகர வேண்டாம். 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்தா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டம், 2020 அக்டோபரில் 18 கட்டகங்களோடு (பாடத் தொகுதிகளோடு) திக்‌ஷாவுக்கு வந்தது. இறுதி மதிப்பீட்டில் 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். அந்த மதிப்பீடு சோதிப்பது ஆசிரியருக்குத் தெரிந்ததை. அவர் செய்ததை அல்ல. இணையத்தில் கேள்வி அனுப்பி விடை வாங்கும் கூகுள் படிவம் என்றால் என்ன என்று சரியான விடையைத் தொட்டவர், தம் ஏழாம் வகுப்புக்கு ஒரு படிவம் தயாரித்தாரா, அது ஓடியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே இணையப் பாதுகாப்பு, காப்புரிமை போன்ற செய்தி வகைப் பாடங்களுக்கு திக்‌ஷா போதும். செய்கை வகைக்குப் போதாது.

வள மையப் பயிற்சியில் பக்கத்தில் ஆள் இருப்பார், சந்தேகத்தை உடனே கேட்கலாம். இது சிறிய நன்மை இல்லை. ஆனால் மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று பயிற்சி படிப்படியாக இறங்கி வரும்போது, சொல்லித்தரும் கருத்தாளரே ஒருமுறைதான் செய்துபார்த்திருப்பார். 80 பேர் ஒரே வைஃபையில் செயலி இறக்கினால் காலைப்பொழுது அதிலேயே போகும். ஜிமெயில் கடவுச்சொல் மறந்தவர் பாதி, போனில் இடம் இல்லாதவர் மீதி. ஈராசிரியர் பள்ளியின் சங்கடம் தனி: ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பு. இரண்டாம் நாள் மாலை எல்லாரும் தெளிவோடுதான் கிளம்புகிறார்கள். அடுத்த திங்கள்கிழமை வகுப்பில் ஏதாவது நடக்காமல் போனால் கேட்க ஆள் இல்லை. இரண்டு முறை தடுக்கினால் பழையபடி கரும்பலகைக்கே திரும்பிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

முடிவைத் தீர்மானிப்பது இந்த இடம்தான்: ஆசிரியர் செய்ததை யார் பார்க்கிறார், எத்தனை நிமிடம் பார்க்கிறார்?

கணக்கு எளிது. ஒரு ஆசிரியர் வாரந்தோறும் அனுப்பும் வேலையைத் திறந்து, ஓடவிட்டு, திருத்தம் எழுத 10 நிமிடம் ஆகும். 80 பேருக்கு 800 நிமிடம், அதாவது வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல். வழிகாட்டியாக வரும் ஒரு ஆசிரியர் பயிற்றுநரால் மற்ற பணிகளோடு அது முடியாது. 15 பேர் என்றால் இரண்டரை மணி நேரம். அது முடியும். அதனால்தான் குழுவுக்கு 15 பேர் என்று வைக்கிறோம். இதைத் தளர்த்தினால் மூன்றாவது வழியும் இரண்டாவது வழியாக மாறிவிடும்.

நேரில் கூடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே செயலிகளை நிறுவி, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, போனில் 2 ஜிபி இடம் ஒதுக்கி வரச் சொல்ல வேண்டும். அன்று ஒரே ஒரு வேலை: அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்துக்கு ஒரு படிவமும், நான்கு நிமிடப் படப்பதிவும் முடித்தே வீடு திரும்புவது. போனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேல் மேல் கவிழ்த்து வைத்து, கீழே வெள்ளைத்தாள் விரித்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டே பேசினால் போதும். வலக்கையால் எழுதுபவருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் கையின் நிழல் எழுத்தை மறைக்கும். பதிவு 480பி-யில் இருக்கட்டும். 1080பி-யில் எடுத்தால் நிமிடத்துக்கு 100 எம்பி-யைத் தொட்டுவிடும், பிள்ளைகளின் டேட்டா தாங்காது.

திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு படிவத்தைப் பார்ப்போம். பின்னக் கூட்டல். கேள்வி: 1/2 + 1/3 எவ்வளவு? ஆசிரியர் வைத்த விடைகள் 5/6, 7/9, 4/11, 8. சரியான விடை எளிதில் கண்டுபிடிக்கப்படும், தவறிய பிள்ளை ஏன் தவறினாள் என்று தெரியாது. வழிகாட்டி எழுத வேண்டிய குறிப்பு இரண்டே வரி: “7/9-ஐ எடுத்துவிட்டு 2/5 வையுங்கள், 4/11-க்குப் பதில் 1/6. மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டுகிறவர்கள் 2/5-இல் விழுவார்கள். கீழே உள்ள பகுதியை மட்டும் சரியாகப் பிடித்தவர்கள் 1/6-இல் விழுவார்கள்.” மறுநாள் காலை, விடைகளைத் தொகுத்துப் படிவம் காட்டும் வட்ட வரைபடத்தில் 2/5-இன் பங்கு பெரிதாகத் தெரிந்தால், முதல் பத்து நிமிடத்தில் காகிதப் பட்டையை மடித்து 2/5 என்பது 1/2-ஐவிடச் சிறியது என்று காட்டலாம். 1/2-ஓடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். இணையத்தில் கிடைத்த விடை நேரடி வகுப்பின் தொடக்கத்தை மாற்றுகிறது, கலப்புமுறை என்பது இதுதான்.

படிவத்தின் அமைப்பிலும் ஒரு பொறி உண்டு. ஒருவர் ஒருமுறை மட்டும் என்ற தேர்வை இயக்கினால் படிவம் கூகுள் கணக்கு கேட்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூவர் ஒரே போனில் படிக்கும் ஊரில் இரண்டாவது பிள்ளைக்கே கதவு அடைபடும். அதை அணைத்துவிட்டு, பெயருக்குப் பதில் வரிசை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வைப்பது நல்லது.

ஆய்வகத்திலும் இதே கதை. உயர்நிலைப் பள்ளி ஹைடெக் லேபில் பொதுவாக 10 கணினிகள், வகுப்பில் 40 பேர். மூன்று குழுவாகச் சுழற்றுங்கள் என்று கட்டகம் சொல்லும். 40 நிமிடப் பாடவேளையில் குழுவுக்கு 13 நிமிடம், இடம் மாறி உட்கார மூன்று நிமிடம் போனால் மிஞ்சுவது பத்து. இரண்டு குழுவாக்கி, கணினிக்கு இருவர் என்று உட்காரவைத்தால் 17 நிமிடம் கிடைக்கும். இந்தத் திருத்தத்தை வகுப்பறையில் நின்று பார்த்தவரால்தான் சொல்ல முடியும்.

அதனால் மூன்றாம் வாரம் வழிகாட்டி ஒருமுறையாவது பள்ளிக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் போனிலேயே முடிக்கலாமே என்ற ஆசைக்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை கடிவாளம் போடுகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு நேரில் போய் வழிகாட்டியதையும் தொலைவிலிருந்து வழிகாட்டியதையும் மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். நேரில் போன பள்ளிகளில் மாணவரின் ஆங்கிலப் பேச்சுத்திறன் 0.31 திட்டவிலக்கமும் (மதிப்பெண்களின் பரவலை வைத்து அளக்கும் அலகு) வாசிப்பு 0.13-ம் கூடின. தொலைவழியில் பேச்சு 0.12 மட்டுமே, ஆங்கில வாசிப்பில் பயன் இல்லை, தாய்மொழி எழுத்தறிவு சரிந்தது. அங்கே கற்பித்தது ஆங்கிலம், சூழல் வேறு. ஆனாலும் பயணச் செலவை முழுவதுமாக வெட்டுவதற்கு முன் யோசிக்க வைக்கும் எண்கள் இவை.

மூன்றாவது வழி இரண்டு இடத்தில் தோற்கும். திருத்தத்தை எல்லாரும் பார்க்கும் குழுச்செய்தியிலேயே போட்டால் பெரும்பாலோர் நான்காம் வாரம் மௌனமாகிவிடுவார்கள். பாராட்டு குழுவிலும் திருத்தம் தனிச்செய்தியிலும் போகட்டும். அடுத்தது, தேர்தல் பணியோ இடமாறுதலோ வந்து வழிகாட்டி பாதியில் காணாமல் போவது. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த அதே குறுவள மையத்தில் அதே பாடம் நடத்தும் ஒரு ஆசிரியரை முதல் நாளிலிருந்தே துணை வழிகாட்டியாக வைத்தால் சமாளிக்கலாம். அவருக்கு வாரம் இரண்டு பாடவேளை குறைத்துத் தர தலைமையாசிரியரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். வாய்மொழி ஒப்புதல் காலாண்டுத் தேர்வு வரை நிற்காது.

இங்கே சொன்னதெல்லாம் ஆறாம் வகுப்புக்கு மேலே பொருந்தும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அங்கே வீட்டுப் போனைத் தொடுவது பெற்றோர், எனவே பயிற்சியின் பாதி அவர்களுக்குப் போக வேண்டியிருக்கும். பணம் குறைவாக இருக்கும் வட்டாரம் ஆறு வாரத்தை நான்காகக் குறைக்கலாம், பயிற்சி நாள் மதிய உணவைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். 15 பேரை 30 ஆக்குவது மட்டும் வேண்டாம்.