லேய்டு பேப்பர்னு சொல்லி சங்கு ஸ்டாம்ப் விக்காங்க, பாத்து வாங்குங்க

திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை பக்கம் பழைய ஸ்டாம்ப் சேக்குறவங்க கண்டிப்பா இத படிச்சிருங்க. 1888ல வந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தோட முதல் ஸ்டாம்ப் இஸ்யூ, சங்கு படம் போட்டது, லேய்டு பேப்பர்ல (உள்ளுக்குள்ள கோடு கோடா இருக்குற காகிதம்) அடிச்சதுன்னு சொல்லி ஒரு சக்கரம், ரெண்டு சக்கரம், நாலு சக்கரம் (சக்கரம்ங்கிறது திருவிதாங்கூர் காசு) ஸ்டாம்ப் மூணையும் செட்டா ஒரு வியாபாரி வித்துக்கிட்டு இருக்காரு. எனக்கு 4,500 ரூபாய்க்கு தந்தாரு. ஸ்டாம்ப் மூணும் நெசமான ஸ்டாம்ப்தான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா லேய்டு பேப்பர் கெடையாது, அதுக்கு பெறகு வந்த சாதா பேப்பர் ஸ்டாம்ப்ல கோடு விழ வச்சு வித்திருக்காரு. பேர் போடல, போட்டா பேச்சு வேற பக்கம் போயிரும், ஆளு இன்னைக்கு பாளையங்கோட்டைல கட போடுவாரு நாளைக்கு நாகர்கோவில்ல போடுவாரு.

தெரியாதவங்களுக்காக சொல்லுதேன். 1888ல மொதல்ல வந்தது லேய்டு பேப்பர். காகிதம் செய்யும்போதே கூழ் கம்பி வரிசை மேல படியுறதால கோடு உள்ளுக்குள்ளயே இருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா பத்தமடை பாய தூக்கி பிடிச்ச மாதிரி சன்னமா வரி வரியா தெரியும். அதுல ஷீட் முழுசுக்கும் சேத்து ஒரே பெரிய சங்குதான் வாட்டர்மார்க் (காகிதத்துக்குள்ளயே இருக்குற அடையாளம்), அதனால ஷீட்ல நெறய ஸ்டாம்புக்கு வாட்டர்மார்க்கே விழாது. அடுத்து 1889ல இருந்து வோவ் பேப்பர், கோடு கெடையாது, அதுக்கு பதிலா சின்ன சின்ன சங்கா வாட்டர்மார்க் வரும். முன்னாடி பாத்தா ரெண்டுக்கும் அதே சங்கு படம், நிறமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஊதா நீலம், சிவப்பு, பச்சை. வோவ் பேப்பர் ஒரு சக்கரம் சல்லிசா கெடைக்கும், லேய்டுன்னா பல மடங்கு வெல, அந்த வித்தியாசத்துலதான் இவருக்கு சாப்பாடு ஓடுது.

நம்ம பக்கத்துல இத விக்கது ரொம்ப ஈஸி. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கத்தோட இருந்த ஊரு, அந்த காலத்து அஞ்சல் கவர் புளியரை, செங்கோட்டை வீடுகள்ல மரப்பெட்டிக்குள்ள இன்னமும் கெடக்கு, அதனால "செங்கோட்டைல ஒரு வக்கீல் வீட்டுல பழைய பேப்பரோட வந்தது அண்ணாச்சி"ன்னு ஒரு கதைய சொன்னா யாருமே ஏன் எப்படின்னு கேக்க மாட்டாங்க. கதைய விக்காரு, ஸ்டாம்ப் அதோட இலவசம்.

அவர் கட போட்டிருந்த மண்டபத்துல ஸ்டாம்ப பிளாஸ்டிக் கவர் போட்டு நாலு பக்கமும் ஒட்டி வச்சிருந்தாரு. வெளியே எடுத்து காட்டுங்கன்னேன். "வெளிய எடுத்தா ஓரத்து பல்லு ஒடிஞ்சிரும் அண்ணாச்சி, லைட்ல பிடிச்சு பாருங்க, கோடு தெரியுதா இல்லியா?"ன்னாரு. தெரிஞ்சுது, என்ன சொல்ல. லேய்டு இல்லன்னா திருப்பி எடுத்துக்கிடுவீங்களான்னும் கேட்டேன், "நாப்பது வருசமா இந்த தொழில்ல இருக்கேன் வே"ன்னு சொன்னாரு, கேட்டதுக்கு பதில் அது இல்லன்னு அப்ப நான் யோசிக்கல. பில்லு கேட்டதுக்கு துண்டு பேப்பர்ல "ஸ்டாம்ப் செட் 3" அம்புட்டுதான் எழுதிருந்தாரு.

வீட்டுக்கு வந்து கவர பிரிச்சு நாலு சக்கரத்த கருப்பு தட்டுல முகம் கீழ பாக்க வச்சு, சிகரெட் லைட்டருக்கு ஊத்துற ஃப்ளூயிட் ரெண்டு சொட்டு விட்டேன். லேய்டு பேப்பரா இருந்தா கோடு இன்னும் தெளிவா தெரியணும், இங்க கோடு மங்கி சின்ன சங்கு ஒண்ணு அழகா எழும்பி வருது! ஃப்ளூயிட் காஞ்சதும் டார்ச்ச மேஜையோட மேஜையா சாய்ச்சு அடிச்சு பத்து மடங்கு பெருசா காட்டுற லூப்ல (லென்ஸ்) பின்பக்கத்த பாத்தா கோடு எல்லாம் பள்ளம், சீப்பு மாதிரி ஏதோ ஒண்ண ஈரத்தோட வச்சு அழுத்தி இருக்காங்க, ஒரு ஓரத்துல ரெண்டாவது தடவ அழுத்துனப்ப வெலகி போயி கோடு மேல கோடு விழுந்திருக்கு. அப்புறம் முத்திர குத்துன ரெண்டு சக்கரம் ஸ்டாம்ப மட்டும் தண்ணில போட்டு எடுத்து புத்தகத்துக்குள்ள வச்சு காய விட்டேன், மறுநாள் பாத்தா கோட்ட காணோம், பேப்பர் வழுவழுன்னு இருக்கு. கம்பியில உண்டான கோடு தண்ணில போகாது. (முத்திர குத்தாத ஸ்டாம்ப தயவுசெஞ்சு தண்ணில போடாதீங்க, சில மை கரையவும் செய்யும்.)

நோட்டு செக் பண்ற ஊதா லைட்டுல பாத்தா போதும்னு சில பேர் சொல்லுவாங்க. புது பேப்பர்ல அடிச்ச டூப்ளிகேட்டுன்னா பளீர்னு மின்னும், அதுக்கு சரி. இங்க அது உதவாது, ஸ்டாம்பும் பழசு பேப்பரும் பழசு, கோடு மட்டும்தான் புதுசு.

போன் பண்ணி சொன்னா மொதல்ல "ஃப்ளூயிட் விட்டு நீங்கதான கெடுத்திய"ன்னாரு, வீடியோ எடுத்து வச்சிருக்கேன்னதும் "சரி வேற ஸ்டாம்ப் எடுத்துக்கோங்க"ன்னாரு. அந்த வேற ஸ்டாம்ப் என்னன்னு கேளுங்க, 1948 காந்தி 10 ரூபா! அது சுவிட்சர்லாந்துல குர்வாசியர் பிரஸ்ல போட்டோகிராவூர்ல அடிச்சது, லூப்ல பாத்தா அந்தந்த நிற மைதான் அடர்த்தியாவும் வெளிறியும் இருக்கணும். இவர் காட்டுனதுல காந்தி கன்னத்துல நீலப் புள்ளி, மஞ்சப் புள்ளி, ரோஸ் புள்ளி எல்லாம் பூ பூவா கெடக்கு, கல்யாணப் பத்திரிக்க அடிக்குற மெஷின்ல போட்டது. வேண்டாம்னு சொன்ன பெறகு போன எடுக்கல.

ஜிபே ரசீதும் அந்த வீடியோவும் வச்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், ஆனா பில்லுல லேய்டுன்னு ஒரு வார்த்த இல்லாதது இப்ப இடிக்குது. நீங்க வாங்கினா "1888, லேய்டு பேப்பர், இல்லன்னா பணம் திருப்பி"ன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க, கவர பிரிச்சு காட்ட மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க. அவர் ஆல்பத்துல இன்னும் ரெண்டு மூணு செட் இருக்கு, அதுல ஒரு நாலு சக்கரம் ஸ்டாம்புக்கு மேல்பக்க வலது மூலைல பல்லு இருக்காது, ரெண்டு சக்கரம் ஸ்டாம்புல பாதி வட்ட முத்திர தலகீழா விழுந்திருக்கும், அந்த செட்ட யாராவது காட்டுனா வாங்காதீங்க, எங்க வச்சு காட்டுனாங்கன்னு மட்டும் எனக்கு சொல்லுங்க.